பதினைந்து நாள் பலகை

அத்தியாயம் 9

பெரியவளின் கைப்பையில் ஒரு வாரமாக ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கிடந்தது. குடை, மூக்குக் கண்ணாடி, சாப்பாட்டு டப்பா எல்லாம் வழக்கம்போல் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தன. நோட்டு மட்டும் அடியில் போட்டது போட்டபடி இருந்தது.

போன வாரம் அம்மா வீட்டுப் பரணில் ஏறி, சின்னவனுக்கு உதவும்படி ஏதாவது காகிதம் கிடைக்குமா என்று அப்பாவின் அட்டைப்பெட்டியைக் குடைந்தபோது அகப்பட்டது அது. உதவும் காகிதம்தான். ஆனால் தம்பியைத் தூக்கி விட்ட கையோடு அப்பாவைக் கவிழ்த்துவிடும். அதனால்தான் அவளுக்கு ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை.

சின்னவன் புறநகர் ரயில் வண்டி ஓட்டுகிறவன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை, இவன் வண்டிக்கு முன்னால் ஒரு சரக்கு வண்டியை விட்டுவிட்டார்கள். ஒரே தண்டவாளம், இரண்டு வகை வண்டி. சரக்கு வண்டி ஆற அமர நகர, இவன் பதினோரு நிமிடம் பின்னாலேயே நின்று கிடந்தான். வழி கிடைத்ததும் விட்ட நேரத்தைப் பிடிக்கப் பார்த்தவன், முப்பது கிலோமீட்டர் வேகம்தான் என்று பலகை வைத்த வளைவில் நாற்பத்தேழில் போய்விட்டான். வேகம் பதியும் கருவி அண்ணன் தம்பி பார்க்காது. பதிந்துவிட்டது.

இன்று மூன்று மணிக்கு விசாரணை. 'பயணிகள் உயிருக்கு ஆபத்து விளைவித்தான்' என்பது குற்றச்சாட்டு. அது நிலைத்தால் அவன் இனி வண்டியில் ஏற முடியாது. பணிமனையில் உதிரிச் சாமான் எண்ணிக்கொண்டு ஓய்வுபெற வேண்டியதுதான்.

காலையில் அவள் அம்மா வீட்டுக்குப் போனபோது சின்னவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். ஒரே கையை நான்காவது தடவையாகத் தேய்த்தான்.

"விட்டுடுடா, துணி பொசுங்கப் போவுது."

"அக்கா, அந்த வளைவுல தண்டவாளத்துக்குக் கீழ இருக்கற மண் கரை நெஜமாவே இன்னும் பலவீனமாத்தான் இருக்கா? நான் போனப்ப வண்டி துளி ஆடலை. கண்ணாடி டம்ளர்ல டீ வெச்சிருந்தாக்கூடச் சிந்தியிருக்காது."

அவள் ஜன்னலோர நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பகுதிக்கு இருபது வருடம் பாதை ஆய்வாளராக இருந்தவர். அந்தப் பலகையைத் தன் கையால் குழி தோண்டி நட்டவர்.

"அப்பா, உங்களைத்தான் கேக்கறான்" என்றாள்.

"போர்டு இருந்தா முப்பது. அதுல கேள்வி கிடையாது" என்றார் அப்பா, பேப்பரை இறக்காமல்.

"தப்புன்னு நான் ஒத்துக்கிட்டேனேப்பா. போர்டைப் பாத்தேன், பாத்துட்டுத்தான் போனேன். கரை எப்படி இருக்குன்னுதான் கேட்டேன்."

அப்பா பக்கத்தைப் புரட்டினார். விளையாட்டுச் செய்திப் பக்கம். அவருக்கு எந்த விளையாட்டிலும் ஒரு நாளும் அக்கறை இருந்ததில்லை.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மகனை, கணவரை, மகளை என்று வரிசையாக ஒரு பார்வை. முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள். காய்ச்சல் யாருக்கு என்று தொட்டுப் பார்க்காமலே கண்டுபிடிப்பாள். மறுபடி உள்ளே போனாள்.

* * *

அலுவலகம் போகும் வண்டியில் பெரியவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வளைவு வந்ததும் வண்டி வழக்கம்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு தளர்ந்தது. மஞ்சள் பலகை மெல்ல நகர்ந்தது. பெயின்ட் உரிந்து, முப்பதில் இருந்த பூஜ்யம் பாதி காணாமல் போயிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இந்த வளைவுக்கு ஒரு விடிவே இல்லையா" என்று பொதுவாகச் சொன்னார். அவளுக்குக் காது சுட்டது.

அவள் வேலை பார்ப்பது கால அட்டவணைப் பிரிவில். பத்து வருடமாக ஒவ்வொரு புது அட்டவணையிலும் இந்த வளைவுக்கென்று இரண்டு நிமிடம் சேர்த்து எழுதியவள் அவள்தான். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சரக்குப் பிரிவு, பலகை பயணிகள் வண்டிக்காக வைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தது. அந்த ஏற்றத்தில் அவர்களுக்கு முப்பதே பெரும்பாடு, அதனால் கவலையும் இல்லை. பயணிகள் பிரிவு, அது சரக்கு வண்டியின் பாரத்துக்காக வைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தது. பொதுப் பாதையில் இது ஒரு வசதி. பொறுப்பு எப்போதும் பக்கத்து வீட்டில் இருக்கும்.

ஆனால் நோட்டில் அப்பாவின் குண்டு எழுத்து வேறு சொன்னது.

'கரை சரிந்த இடம். பன்னிரண்டாம் நாள். வேலை முடிந்தது. மண் இறுகிவிட்டது. இனி அறுபது விடலாம்.'

பலகை வைக்கச் சொன்ன உத்தரவின் நகலும் அதிலேயே மடித்து வைத்திருந்தது. 'பதினைந்து நாட்களுக்கு மட்டும்' என்றது அது. வேலை முடிந்தது என்று மேலே எழுதி அனுப்ப வேண்டியவர் ஆய்வாளர். அவர் எழுதவில்லை. பதினைந்து நாள் பலகைக்கு இப்போது இருபத்தொன்பது வயது.

வண்டி வளைவின் நடுவுக்கு வந்திருந்தது. இடது பக்கம் பழைய குடியிருப்பு. கடைசி வீட்டின் வேலி தெரிந்தது. இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். கொடியில் பள்ளிக்கூடச் சட்டைகள் தொங்கின.

அந்த வேலிக்குப் பின்னால்தான் ஏழு வயதில் அவள் தினமும் காலை ஏழு முப்பத்தைந்துக்கு நிற்பாள். ஒரு பக்கம் அப்பா, அவர் இடுப்பில் சின்னவன். அம்மாவுக்கு இரவுப் பணி. காலை வண்டியில் இந்த வளைவைத் தாண்டி, அடுத்த நிலையத்தில் இறங்கி, திரும்பி வீட்டுக்கு நடந்து வருவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்திருக்கும். சாயங்காலம் இவள் வீடு திரும்பும்போது அம்மா வேலைக்குக் கிளம்பியிருப்பாள். வாரத்தில் ஒரு நாள்தான் முழு அம்மா. மற்ற ஆறு நாளும் மூன்றாவது பெட்டியின் நான்காவது ஜன்னலில் பத்து விநாடி அம்மா.

அந்தப் பத்து விநாடியில் அம்மா செய்வது ஒன்றே ஒன்று. அப்பா போட்ட இரட்டை ஜடையைச் சோதனை செய்வாள்.

தண்டவாளத்தில் ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் கண்டுபிடிக்கிற மனிதருக்கு, மகளின் இரண்டு ஜடையை ஒரே மட்டத்தில் போட ஒரு நாளும் வந்ததில்லை. வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தைக் கொஞ்சம் தூக்கி வைப்பார்களே, அதே கணக்கில் ஒரு ஜடை எப்போதும் மேலே நிற்கும். அம்மா ஜன்னலிலிருந்து தன் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்து, இந்தப் பக்கம் இறக்கு, அந்தப் பக்கம் ஏற்று என்று சைகை காட்டுவாள். வண்டி போனதும் அப்பா வாயில் ரிப்பனைக் கவ்விக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார்.

சரியாக இருந்தால் அம்மா இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தட்டுவாள். ஐந்து வருடத்தில் அப்படி எத்தனை நாள் என்று பெரியவளால் இப்போதும் விரல் விட்டுச் சொல்ல முடியும். ஆறு நாள்.

பலகை முடிந்தது. வண்டி வேகம் பிடித்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதிரே இருந்தவர் நாகரிகமாகச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

* * *

பன்னிரண்டரை மணிக்கு அலுவலக வாசலில் ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அப்பா. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் குடை.

"என்னப்பா இவ்வளவு தூரம்? சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே."

"பரண்ல பெட்டி நாலு விரக்கடை தள்ளி இருக்கு" என்றார் அப்பா.

அவள் கேன்டீனில் மூலை மேஜையாகப் பார்த்து உட்கார வைத்து இரண்டு டீ வாங்கி வந்தாள். பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"அப்பறம் ஏன் சின்னவன்கிட்ட குடுக்கல? அவனுக்கு இது வேணுமே. அறுபது தாங்கற எடத்துல நாப்பத்தேழு போனா ஆபத்துன்னு சொல்ல முடியாது. போர்டை மதிக்கலைன்னு ஒரு எச்சரிக்கையோட விட்டுருவாங்க."

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். அவள் ஒரு வாரமாகப் புரண்டு புரண்டு யோசித்ததை டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

"உங்க பேர் போயிடும்ப்பா."

அப்பா டம்ளரைச் சுற்றினார்.

"ஏன்ப்பா எழுதி அனுப்பல?" என்று கேட்டாள்.

"எழுதினேன். கவர்ல போட்டு, சட்டைப் பைல வெச்சுக்கிட்டுத்தான் காலைல கெளம்பினேன். உனக்கு ஜடை போட்டுட்டு வேலிகிட்ட நின்னோம். வண்டி வந்தது. உங்கம்மா இடது பக்கம் சரியில்லன்னு கை காட்டினா. நீ விழுந்து விழுந்து சிரிச்சே."

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி வண்டி அறுபதுல போயிட்டிருந்தது. ஜன்னலெல்லாம் ஒரே கோடாத் தெரியும். ஒரு நாள் நீ கேட்டே. அம்மா நெஜமாவே அந்த வண்டில இருக்காளாப்பா, இல்ல நீ சும்மா சொல்றியான்னு. கரை சரிஞ்சு போர்டு நட்டப்புறம்தான் நீ அந்தக் கேள்வியை விட்டே. கவரை நாளைக்குப் போடலாம்னு வெச்சேன். மறுநாளும் நாளைக்குன்னு வெச்சேன்."

"அம்மா பகல் டியூட்டிக்கு மாறினாளே, அதுக்கப்பறம்?"

"அப்ப எழுதணும்னா, அஞ்சு வருஷம் ஏன் எழுதலைன்னு மொதல்ல எழுதணும். ஒரு மில்லிமீட்டருக்கு ஆளை நிக்க வெச்சுக் கேள்வி கேட்டவன் நான். வெக்கமா இருந்துது. தள்ளிப் போட்டேன். ரிடையர் ஆயிட்டேன்."

கேன்டீனில் யாரோ தட்டை அடுக்கினார்கள். தம்பிக்குத் தண்டனை வாங்கித் தரப் போகும் பலகை தன் ஜடைக்காக நின்றது என்று அவளுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. இத்தனை வருடம் அவள் எழுதிய இரண்டு நிமிடமும் அவளுடையதேதான். அவளுக்கு அழுகையும் வந்தது, அப்பாவின் மேல் கோபமும் வந்தது. ஒரு வண்டி நிறையப் பேரை நிறுத்தி வைத்தா அம்மாவைக் காட்டுவார் ஒரு மனிதர்? ஆனால் அந்தப் பத்து விநாடியைத் திருப்பிக் கொடு என்று யாராவது கேட்டால் அவளால் கொடுக்க முடியாது. அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

"அப்பா, மறந்துட்டேன்னு சொல்லிடுங்க. இருபத்தொம்பது வருஷத்துக்கு முந்தின விஷயம். யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னை என்ன வேணா சொல்லட்டும்மா. மறதிக்காரன்னு மட்டும் ஒருத்தனையும் சொல்ல விடமாட்டேன்."

* * *

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை, சத்தம் போடும் ஒரு மின்விசிறி. அதிகாரி கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். பக்கத்தில் தட்டச்சு செய்யும் பெண். ஊழியருக்குத் துணையாக ஒருவர் உட்காரலாம் என்ற விதிப்படி சின்னவனுக்குப் பக்கத்தில் பெரியவள்.

"சாட்சி ஒருத்தர் வந்திருக்கார்" என்று அவள் சொன்னதும் சின்னவன் திரும்பிப் பார்த்தான். கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்தார். குடையைச் சுவரில் சாய்த்தார். அது வழுக்கியது. நேராக நிற்கும்வரை மூன்று முறை சாய்த்து வைத்தார்.

நோட்டையும் உத்தரவையும் அதிகாரி இரண்டு தடவை படித்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"என்னோடதுதான்."

"அப்ப பன்னெண்டாம் நாளே அந்த எடம் சரியாயிடுச்சு. இத நீங்க மேல தெரிவிக்கல."

"தெரிவிக்கல."

"விட்டுப் போச்சு, இல்லையா?" அதிகாரி பேனாவை மூடியபடி கேட்டார். கண்டிப்பானவர்தான். ஆனாலும் வயதானவருக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார்.

பெரியவள் அப்பாவைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"விட்டுப் போகல. தெரிஞ்சே வெச்சேன். காரணமும் சொல்றேன், அதையும் எழுதிக்கோங்க" என்றார் அப்பா.

சொன்னார். இரவுப் பணி, ஏழு முப்பத்தைந்து வண்டி, நான்காவது ஜன்னல், ரிப்பன். தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் 'ஜடை' என்ற இடத்தில் நின்றன. அவள் அதிகாரியைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். விரல்கள் மறுபடி ஓடின.

சின்னவன் குனிந்த தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்து போயிருந்தது.

"என் பையன் போர்டை மீறினது தப்பு. அதுக்கு உண்டானதைக் குடுங்க. ஆனா அங்க ஆபத்து ஒண்ணும் இல்ல. போர்டு இன்னும் அங்க நிக்கறது அவன் தப்பு இல்ல, என்னோடது" என்று முடித்தார் அப்பா.

அதிகாரி பேனா மூடியைத் திறந்து மூடினார். பிறகு, "நான் இருபது வருஷமா அந்த வண்டிலதான் வரேன்" என்றார். "அந்த எடம் வந்தாலே மண்ணு சரியில்லன்னு பயந்து காலைத் தூக்கி வெச்சுப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவருமே சிரிக்கவில்லை.

இன்றைக்கே பாதையை மறுபடி அளந்து பார்க்கச் சொல்வதாகவும், அளவு வந்ததும் முடிவைத் தொலைபேசியில் தெரிவிப்பதாகவும் சொல்லி எழுந்தார். அப்பாவைப் பற்றியும் மேலே எழுதத்தான் வேண்டியிருக்கும் என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

* * *

மூவரும் வீடு திரும்பினார்கள். வாசல் கேட்டைத் திறக்கும்போதுதான் சின்னவன் வாயைத் திறந்தான்.

"ஆக, உன் ஜடைக்கு நான் உதிரிச் சாமான் எண்ணணும்."

"எண்ணுடா. தம்பின்னு எதுக்கு இருக்கே" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவன் அவள் தலையில் தட்டிக்கொடுத்தான். நாற்பதை நெருங்கும் அக்காவுக்கு இப்போது ஜடை கிடையாது, கொண்டைதான்.

அம்மா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா நேரே போய் அவள் எதிரில் உட்கார்ந்தார். விசாரணையில் அத்தனை தெளிவாகப் பேசியவருக்கு இங்கே வார்த்தை தடுமாறியது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த முப்பது போர்டு..."

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா, மடிப்பை நிறுத்தாமல்.

"என்ன தெரியும்?"

"பன்னெண்டாம் நாளே மணல் மூட்டையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டுத்தானே வந்தேன். கரைல புல்லுகூட மொளைச்சிடுச்சு. வண்டி மட்டும் முப்பதுலயே போச்சு. இந்த மனுஷன் வேலைல ஒரு நாள் தாமதம் பண்ண மாட்டாரே, எதுக்கு விட்டு வெச்சிருக்கார்னு எனக்குப் புரியாதா?"

அப்பா அவளையே பார்த்தார்.

"இத்தன வருஷமா ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டிருந்தா மறுநாளே எடுத்திருப்பீங்க."

அம்மா சட்டையை மடித்து அடுக்கின்மேல் வைத்து, கையால் அழுத்தி மட்டம் பார்த்தாள். அப்பா இன்னொரு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் மேலே போயிற்று. அம்மா அதை வாங்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் கையை வைத்து, அந்தப் பக்கம் இறக்குங்கள் என்று காட்டினாள்.

அப்போது ஐந்து நாற்பது வண்டியின் சத்தம் கேட்டது. இரண்டு தெரு தள்ளி, வளைவில் நுழைந்து தளர்கிற சத்தம். நால்வரும் அதைக் கேட்டபடி இருந்தார்கள்.

மேஜைமேல் சின்னவனின் கைபேசி அடித்தது. விசாரணை அதிகாரியின் எண். அவன் கையில் எடுத்துப் பார்த்தான். கடைசிப் பெட்டியும் வளைவைத் தாண்டட்டும் என்று காத்திருந்து, பிறகு காதில் வைத்தான்.